கிண்ணத்தில் ஒட்டிய கால்

1950 வாக்கில், ஜப்பானின் கோபே நகரத்து உயர்நிலைப்பள்ளி ஒன்றின் கூடைப்பந்துப் பயிற்சியாளரிடம், முப்பது வயதைத் தாண்டிய ஒருவர் தான் செய்த காலணியைக் கொண்டுபோய்க் காட்டினார். பயிற்சியாளர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். வைக்கோல் செருப்பு மாதிரியல்லவா இருக்கிறது என்று சொல்லிவிட்டார். வராஜி என்று ஜப்பானியர்கள் சொல்லும் வைக்கோல் செருப்பு, அந்தக் காலத்து வழிநடைக்காரர்களும் உழவர்களும் காலில் கட்டிக்கொண்டு நடந்தது. கூடைப்பந்து ஆடுகிற பிள்ளைக்கு அது எதற்கு ஆகும்?

கொண்டுபோனவர் கிஹாச்சிரோ ஒனிட்சுகா. அப்போது அவர் தொழிலுக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. வேறொருவராக இருந்தால் அந்தப் பள்ளிப் பக்கமே திரும்பியிருக்க மாட்டார். இவர் மறுபடியும் போனார். நல்ல காலணி வேண்டுமானால் களத்துக்கு வந்து ஆட்டத்தைப் பார், ஆடுகிற பையன்களிடம் கேள் என்று பயிற்சியாளர் சொன்னதை அட்சரம் பிசகாமல் எடுத்துக்கொண்டார். ஆடுகளத்தின் ஓரத்தில் நின்று, வெளியே உருண்டு வரும் பந்துகளைப் பொறுக்கிக் கொடுத்தார். ஆட்டம் நின்றபோது பையன்களிடம் பேச்சுக் கொடுத்தார். ஒரு கம்பெனியின் முதலாளி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பந்து பொறுக்கிப் போட்டுக்கொண்டு நின்றார்.

இன்று உலகம் முழுக்க ஏசிக்ஸ் என்ற பெயரில் விற்கிற காலணிகளின் வம்சாவளியைத் தேடிப் பின்னோக்கிப் போனால், இந்த ஆடுகளத்து ஓரத்தில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. இங்கே உருவானது பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. காலணியின் அடியில், ரப்பரில் பதிந்த ஒரு சின்னக் குழி. அந்தக் குழியின் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

குழிக்கு முன்னால் ஊரைச் சொல்ல வேண்டும். கோபே துறைமுக நகரம். டன்லப் கம்பெனி 1909இல் இங்கேதான் தன் ரப்பர் தொழிற்சாலையைத் திறந்தது. ஜப்பானில் ரப்பர் தொழில் நவீன முறையில் காலூன்றியது அதற்குப் பிறகுதான். டயர் வந்தது, அதன் பின்னால் ரப்பர் காலணி வந்தது. நகாட்டா என்ற பகுதியில் தெருத்தெருவாகச் சின்னப் பட்டறைகள் முளைத்தன. ஒரு வீட்டில் அடிப்பாகம் வெட்டுவார்கள், அடுத்த வீட்டில் மேல்பாகம் தைப்பார்கள், மூன்றாவது வீட்டில் பசை போட்டு ஒட்டுவார்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. பிறகு போர் வந்தது. 1945 மார்ச்சிலும் ஜூனிலும் அமெரிக்க விமானங்கள் கொட்டிய தீக்குண்டுகளில் கோபேயின் பெரும்பகுதி எரிந்து போனது.

ஒனிட்சுகா கோபேக்காரர் இல்லை. 1918இல் தொத்தோரி மாவட்டத்தில் பிறந்தவர், பிறந்த வீட்டுப் பெயர் சகாகுச்சி. போரின்போது ராணுவ அதிகாரியாக இருந்தார். உடனிருந்த நண்பர் ஒருவர் போர்முனைக்குப் புறப்படும்போது, பிள்ளையில்லாத ஒனிட்சுகா தம்பதியைப் பார்த்துக்கொள்வதாகத் தான் வாக்குக் கொடுத்திருப்பதாகவும், தான் திரும்பி வராவிட்டால் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டு போனார். அவர் திரும்பவில்லை. போர் முடிந்ததும் இவர் கோபேக்கு வந்து அந்த முதியவர்களோடு தங்கினார். பிறகு அவர்களுக்கே தத்துப்பிள்ளையாகி, அவர்கள் குடும்பப் பெயரையும் ஏற்றார். இன்று காலணிகளில் அச்சாகும் ஒனிட்சுகா என்ற பெயர், செத்துப்போன நண்பனுக்குக் கொடுத்த வாக்கால் வந்த பெயர். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது.

அன்றைய கோபேயின் சன்னோமியா ரயில் நிலையத்தைச் சுற்றிக் கள்ளச்சந்தை கொடிகட்டிப் பறந்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகள் அங்கேதான் திரிந்தார்கள். திருட்டு, அடிதடி, கோஷ்டி. ஒனிட்சுகா முதலில் வேலை பார்த்த இடத்திலும் கள்ளச்சந்தை வியாபாரம்தான் நடந்தது. மனம் ஒப்பாமல் மூன்று ஆண்டில் விலகினார். இந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும், என்ன செய்யலாம் என்று, பழைய ராணுவ நண்பரான கோஹெய் ஹோரியிடம் கேட்டார். ஹோரி அப்போது ஹியோகோ மாவட்டக் கல்வித்துறையில் உடற்கல்வியைக் கவனித்துக்கொண்டிருந்தவர். நல்ல உடம்பு இருந்தால் அதற்குள் நல்ல மனம் தங்கும் என்ற பழைய ரோமானியரின் எண்ணத்தை அவர் சொன்னார். பிள்ளைகளை ஓடவும் ஆடவும் வை, அதற்குக் காலில் போட நல்ல காலணி செய்து கொடு என்றார். 1949 செப்டம்பர் 1இல் ஒனிட்சுகா கம்பெனி தொடங்கியது. ஆட்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். விளையாட்டுக் காலணி செய்த அனுபவம் அவர்களில் எவருக்கும் இல்லை.

எதில் தொடங்குவது? மிகவும் கடினமானதில் தொடங்கு, முதல் தடையை உயரமாக வைத்துக்கொண்டு தாண்டிவிட்டால் மற்றவை தானாக வரும் என்று தொழில் தெரிந்தவர்கள் அவருக்குச் சொன்னார்கள். அப்படிப் பார்த்தபோது எல்லாவற்றிலும் சிரமமானதாகத் தெரிந்தது கூடைப்பந்துக் காலணி.

ஏன் சிரமம் என்பது விளையாட்டை ஊன்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓடுகிறவனுக்கு முன்னால் போனால் போதும். கூடைப்பந்தில் போகிற வேகத்தைவிட நிற்கிற நிலைதான் ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது. பந்தைத் தட்டிக்கொண்டு பாய்ந்து வருகிறவன், எதிராளி குறுக்கே வந்த கணத்தில் அப்படியே நின்றாக வேண்டும். நின்ற காலை அச்சாக வைத்துத் திரும்பியாக வேண்டும். அந்த நொடியில் உடம்பின் எடையும் ஓடிவந்த வேகமும் பாதத்தின் முன்பாகத்தில் ஒரு கையகல இடத்தில் வந்து இறங்குகின்றன. தரையோ மரப்பலகை. அதில் வியர்வை சொட்டியிருக்கும், தூசி படிந்திருக்கும். தட்டையான ரப்பர் அதில் வழுக்கும். ஒனிட்சுகாவின் முதல் காலணி தோற்றது இங்கேதான். பந்து பொறுக்கிய நாட்களில் பையன்கள் அவருக்குத் திரும்பத் திரும்பச் சொன்னதும் இதைத்தான்: சட்டென்று நிற்க வேண்டும், சட்டென்று கிளம்ப வேண்டும்.

விடை வந்தது ஒரு கோடைக்கால மாலையில், வீட்டுச் சாப்பாட்டில். வெள்ளரிக்காயை மெல்லிசாக அரிந்து, வேகவைத்த எண்காலியின் காலைத் துண்டு போட்டுச் சேர்த்து, வினிகரில் ஊறவைத்த ஒரு பதார்த்தம். கோடையில் ஜப்பானிய வீடுகளில் சாதாரணமாகச் செய்வது. கிண்ணத்தில் இருந்த துண்டு ஒன்று கிண்ணத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. எடுத்துப் பார்த்தார். ஒட்டியிருந்தது அதன் உறிஞ்சுகுழி.

எண்காலி என்று பாடப்புத்தகத்தில் எழுதுகிறோம். நம் கடற்கரை மீனவர்கள் அதைப் பேய்க்கணவாய் என்பார்கள். ஒனிட்சுகா என்ற பெயரை எழுதும் எழுத்துகளில் முதலாவதான ஒனி என்பதற்கும் பேய் என்றுதான் பொருள், இரண்டாவதற்கு மேடு. பேய்மேட்டுக்காரருக்குப் பேய்க்கணவாய் வந்து வழிகாட்டியது என்று தமிழில் சொல்லிப் பார்க்கும்போது கிடைக்கிற இந்தப் பொருத்தம் ஜப்பானிய மொழியில் இல்லை. அங்கே எண்காலிக்கு தக்கோ என்று வேறு பெயர்.

பேய்க்கணவாயின் காலைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் வழவழப்பு. மறுபக்கம் மேலிருந்து நுனிவரை இரண்டு வரிசையாகக் கிண்ணம் கிண்ணமாகக் குழிகள். அடியில் பெரிதாக இருக்கும், நுனிக்குப் போகப் போகக் கடுகளவாகும். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் மெல்லிய விளிம்பு. அந்த விளிம்பு ஒரு பரப்பில் ஈரத்தோடு படிந்துவிட்டால் உள்ளே காற்றோ நீரோ புக இடமில்லை. உயிரோடு இருக்கும்போது அது தன் தசையால் குழியை உள்ளிருந்து விரிக்கிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளியே இருக்கும் அழுத்தம் விளிம்பை அமுக்கிப் பிடிக்கிறது. செத்து, வெந்து, வினிகரில் கிடந்தாலும் அந்தக் கிண்ண வடிவம் போவதில்லை. ஈரமான பீங்கானில் பட்டால் ஒட்டிக்கொள்கிறது.

இதைப் பார்த்த கண் ரப்பரைப் பார்த்தது. காலணியின் அடியில் இப்படிக் குழிகளை வைத்தால் என்ன? ஆடுகிறவன் காலை ஊன்றும்போது அவன் எடையில் குழி நசுங்கும், உள்ளே இருக்கும் காற்று வெளியேறும், விளிம்பு பலகையில் படியும், பிடி கிடைக்கும். காலைத் தூக்கும்போது ரப்பர் பழைய வடிவத்துக்குத் திரும்பும், காற்று உள்ளே வரும், பிடி விடும். பசையும் வேண்டாம், ஆணியும் வேண்டாம். ஆடுகிறவனின் எடையே பிடித்துக்கொள்ளும், அவனே விடுவித்துக்கொள்வான்.

செய்துகொண்டு பள்ளிக்குப் போனார். பையன்கள் போட்டுக்கொண்டு ஆடினார்கள். விழுந்தார்கள்.

பிடி அளவுக்கு மீறிப் போயிருந்தது. குழியின் ஆழம் அதிகம். கால் நின்றுவிட்டது, உடம்பு நிற்கவில்லை. ஓடிவந்த வேகத்தில் மேல்பாதி முன்னால் போக, தரையைப் பிடித்த காலின் மேல் கவிழ்ந்து விழுந்தார்கள். ஒரு பொருளின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கிண்ணத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எண்காலியைப் பார்த்தார், காலணியைக் கண்டுபிடித்தார் என்று இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. எனக்கு இந்த விழுந்த நாள்தான் முக்கியமாகப் படுகிறது. கிண்ணத்தைப் பார்த்தபோது அவருக்குக் கிடைத்தது ஒரு யோசனை மட்டும். அந்த யோசனையைக் காலில் மாட்டி, ஓடி, நின்று, விழுந்து, எழுந்து வந்து, அண்ணா, இது ரொம்பப் பிடிக்கிறது என்று சொல்ல ஆட்கள் வேண்டியிருந்தது. அந்த ஆட்கள் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். சம்பளம் வாங்கிக்கொண்டு சோதித்தவர்கள் இல்லை. தங்கள் பள்ளி ஜெயிக்க வேண்டும் என்பதற்காக ஆடியவர்கள்.

ஒனிட்சுகா குழியின் ஆழத்தைக் குறைத்தார். ஆழம் குறையக் குறைய வெளியேறும் காற்று குறையும், பிடியும் குறையும். நிற்க வேண்டிய அளவுக்கு நிற்கவும், உடம்பு சமாளிக்கும் அளவுக்குச் சறுக்கவும் ஒரு நடு அளவு இருக்கிறது. அந்த அளவை மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காண முடியாது. பட்டறையில் செய்வது, களத்துக்குக் கொண்டுவருவது, பையன்கள் சொல்வதைக் கேட்பது, திரும்பப் பட்டறைக்குப் போவது. பயிற்சியாளரின் கண், பையன்களின் கால், பட்டறைக்காரரின் கை மூன்றும் சேர்ந்து ஒரு குழியை அளவெடுத்தன. 1951இல் அது விற்பனைக்கு வந்தது.

செய்வது ஒரு பாடு என்றால் விற்பது இன்னொரு பாடு. பெயர் தெரியாத கம்பெனியின் காலணியை எந்தக் கடைக்காரர் வாங்கி அடுக்குவார்? முதுகுப்பையில் காலணிகளைத் திணித்துக்கொண்டு ஒனிட்சுகா ஊர் ஊராகப் போனார். போட்டி நடக்கும் இடத்துக்குப் போய் அணிகளைப் பார்த்தார், பயிற்சியாளர்களைப் பார்த்தார். காசை மிச்சம் பிடிக்க ரயில் நிலையத்து பெஞ்சில் படுத்தார். இந்த வழியைப் பின்னாளில் அவர் துரப்பண வியாபாரம் என்று சொல்வார். தச்சர் மரத்தில் துளை போடும்போது துரப்பணத்தின் முனையை ஒரே புள்ளியில் ஊன்றித் திருகுகிறார், கை வலு முழுவதும் அந்த முனைக்குப் போகிறது. அதுபோலச் சின்னக் கம்பெனி ஒரே விளையாட்டில், ஒரே பொருளில் ஊன்ற வேண்டும் என்பது அவர் கணக்கு. காலணிக்குப் புலி என்று பெயர் வைத்தார், ஆசியாவில் வலுவான விலங்கு என்பதால். டைகர் என்ற பெயரை வேறு யாரோ ஏற்கெனவே பதிந்து வைத்திருந்ததால் தன் குடும்பப் பெயரை முன்னால் சேர்த்துக்கொண்டார். ஒனிட்சுகா டைகர் அப்படி வந்தது.

குழி செய்த வேலை காற்றை வெளியேற்றுவது. சில ஆண்டுகள் கழித்து அதே காற்று வேறு உருவத்தில் வந்து நின்றது, இந்த முறை நெடுந்தூர ஓட்டக்காரர்களின் பாதத்தில்.

மாரத்தான் ஓடுகிறவர்களுக்குக் காலில் கொப்புளம் வருவது அன்றைக்கு இயல்பான விஷயம். ஓட்டக்காரரிடம் கேட்டால், கொப்புளம் இல்லாமல் மாரத்தான் ஏது என்றார். கூடைப்பந்துப் பையன்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய மனிதருக்கு இந்தப் பதில் போதவில்லை. ஒரு மருத்துவப் பேராசிரியரிடம் போய்க் கொப்புளம் ஏன் வருகிறது என்று கேட்டார். தரையில் திரும்பத் திரும்ப மோதி உராயும்போது பாதம் சூடாகிறது, அந்தச் சூட்டைத் தணிக்க உடம்பு நீரைக் கொண்டுவந்து சேர்க்கிறது, தீக்காயத்தில் நீர் கோத்துக்கொள்வது போலத்தான் என்று அவர் விளக்கினார். அப்படியானால் பாதத்தைக் குளிர வைக்க வேண்டும். காரின் இன்ஜின் தண்ணீரால் குளிர்கிறது. காலணிக்குள் தண்ணீரை வைத்துப் பார்த்தார், கால் ஊறிப் போனதுதான் மிச்சம். மோட்டார் சைக்கிளின் இன்ஜின் காற்றால் குளிர்கிறது. அதைப் பிடித்துக்கொண்டார். காலணியின் முன்பக்கத்திலும் பக்கவாட்டிலும் துளைகள் வைத்தார். கால் ஊன்றும்போது உள்ளே இருக்கும் சூடான காற்று வெளியே தள்ளப்படும், தூக்கும்போது குளிர்ந்த காற்று உள்ளே வரும். கொல்லன் துருத்தி போல ஒவ்வொரு எட்டிலும் காலணி மூச்சு விடும். மேஜிக் ரன்னர் என்று அதற்குப் பெயர்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு மாரத்தான் ஓடித் தங்கம் வாங்கினார். அடுத்த ஆண்டு ஒசாகாவில் நடந்த மைனிச்சி மாரத்தானுக்கு அவர் வந்தபோது ஒனிட்சுகா அவரைத் தேடிப் போனார். வெறுங்காலில் உலகத்தையே வென்றவரிடம் காலணி போட்டுக்கொள்ளுங்கள் என்று கேட்பதற்குத் துணிச்சல் வேண்டும். எனக்குக் காலணி வேண்டாம் என்றார் பிகிலா. ஜப்பான் சாலைகளில் கண்ணாடிச் சில்லு கிடக்கும், வெறுங்கால் போலவே எடையில்லாமல் செய்து தருகிறேன் என்று எடுத்துச் சொல்லி, அவர் பாதத்தை அளவெடுத்துக்கொண்டார். பிகிலா அந்தக் காலணியில் ஓடி வென்றார். மூன்று ஆண்டு கழித்து டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் மறுபடி தங்கம் வாங்கியபோது காலில் இருந்தது பூமா. வியாபாரத்தில் அதுவும் உண்டு.

இனிக் கதை கடல் தாண்டுகிறது.

1962இல் அமெரிக்க இளைஞர் ஒருவர் கோபேக்கு வந்து ஒனிட்சுகா கம்பெனியின் கதவைத் தட்டினார். பெயர் ஃபில் நைட். ஸ்டான்ஃபோர்டில் வணிகம் படித்து அப்போதுதான் வெளியே வந்திருந்தார். ஜெர்மன் கேமராக்களின் இடத்தை ஜப்பானியக் கேமராக்கள் பிடித்தது போல, விளையாட்டுக் காலணியிலும் நடக்கும் என்று படிக்கும்போதே கட்டுரை எழுதியவர். டைகர் காலணிகளை அமெரிக்காவில் விற்க உரிமை கேட்டார். எந்தக் கம்பெனி என்று அவர்கள் கேட்டபோது, இல்லாத கம்பெனிக்கு அந்த இடத்திலேயே ப்ளூ ரிப்பன் என்று பெயர் சொன்னார். மாதிரிகள் வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. வந்ததும் இரண்டு ஜோடியைத் தன் பழைய தடகளப் பயிற்சியாளர் பில் பவர்மேனுக்கு அனுப்பினார். பவர்மேன் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கவில்லை, என்னையும் பங்காளியாகச் சேர்த்துக்கொள் என்றார். 1964 ஜனவரியில் ஆளுக்கு 500 டாலர் போட்டார்கள்.

ஆரகன் மாநிலத்து யூஜீன் நகரில் இருந்த இந்தப் பவர்மேன், கோபேயில் ஒனிட்சுகாவைத் திருப்பியனுப்பிய பயிற்சியாளருக்கும் ஒனிட்சுகாவுக்கும் சேர்ந்து பிறந்த பிள்ளை மாதிரி. பயிற்சியாளரும் அவரே, காலணி செய்கிறவரும் அவரே. தன் மாணவர்களின் காலணியைப் பிரித்துப் போட்டு, எடையைக் குறைத்துத் திரும்பத் தைத்துக் கொடுப்பார். தன் யோசனைகளைக் கடிதம் கடிதமாகக் கோபேக்கு எழுதினார். அவருடைய வடிவமைப்பில் ஒனிட்சுகாவின் பட்டறையில் பிறந்ததுதான் கோர்டெஸ் என்ற ஓட்டக் காலணி. இரண்டு நாட்டு ஆட்கள், மொழி தெரியாமல், கடிதத்திலும் மாதிரியிலும் பேசிக்கொண்டு ஒரு காலணியைச் செய்தார்கள்.

பவர்மேன் ஊருக்கே ஓடச் சொல்லிக் கொடுத்தவரும்கூட. நியூசிலாந்துக்குப் போனபோது ஆர்தர் லிடியார்ட் என்ற பயிற்சியாளர், வயதானவர்களையும் சேர்த்துக்கொண்டு மெதுவாக ஓடுவதைப் பார்த்தார். கூடவே ஓடி மூச்சு வாங்கினார். ஊர் திரும்பியதும் யூஜீன் மக்களை ஓட்டக்களத்துக்கு அழைத்தார். இல்லத்தரசிகளும் அலுவலகக்காரர்களும் வந்தார்கள். கூட்டம் பெருகியபோது யாருக்காவது இதயத்துக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவருக்கே பயம் வந்தது. வால்டோ ஹாரிஸ் என்ற இதய மருத்துவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, யார் எவ்வளவு ஓடலாம் என்று முறை வகுத்தார். இருவரும் சேர்ந்து 1967இல் ஜாகிங் என்று ஒரு புத்தகம் போட்டார்கள், அது பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. இன்றைக்கு நம் ஊர்ப் பூங்காக்களில் விடியற்காலையில் காலணி மாட்டிக்கொண்டு மெல்லோட்டம் ஓடுகிறவர்கள், யூஜீன் நகரத்து அந்தக் கூட்டத்தின் தொடர்ச்சிதான்.

கோபேயில் வெள்ளரிக் கிண்ணம் என்றால் யூஜீனில் காலைப் பலகாரம். வாஃபிள் என்பது, கட்டம் கட்டமான இரும்பு அச்சில் மாவை ஊற்றி, மூடி, சுட்டெடுக்கும் பலகாரம். 1971இல் ஒருநாள் மனைவி பார்பரா வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தபோது பவர்மேன் அந்த அச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். யூஜீனின் ஓட்டக்களத்துக்கு யூரித்தேன் பரப்பு போட்டிருந்தார்கள். அதிலும் பிடிக்க வேண்டும், புல்லிலும் பிடிக்க வேண்டும், ஆணியும் இருக்கக் கூடாது என்று அவர் அடிப்பாகம் தேடிக்கொண்டிருந்த நேரம். திருமணப் பரிசாக வந்த அந்த இரும்பு அச்சில் யூரித்தேனைக் காய்ச்சி ஊற்றினார். ஒட்டாமல் வர ஏதும் தடவ மறந்துவிட்டார். அச்சு மூடிக்கொண்டது, திறக்கவே இல்லை.

ஒனிட்சுகாவின் முதல் குழி அளவுக்கு மீறிப் பிடித்தது என்றால் பவர்மேனின் அச்சும் அளவுக்கு மீறித்தான் பிடித்துக்கொண்டது. வேறு அச்சுகள் வாங்கி மறுபடி செய்தார். எண்காலிக் காலணியில் குழியாக இருந்தது இந்தக் காலணியில் சதுரச் சதுர மேடுகளாக எழுந்து நின்றது. 1974இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. திறக்காமல் போன அந்த முதல் அச்சைக் குப்பைக் குழியில் போட்டுவிட்டார்கள். பவர்மேன் இறந்து பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு, 2010இல், அவர் வாழ்ந்த வீட்டுப் புறக்கடையைத் தோண்டியபோது துருப்பிடித்துக் கிடைத்தது. இப்போது நைட்டின் நைக்கி கம்பெனி அதைப் பத்திரமாக வைத்திருக்கிறது.

வாஃபிள் சுட்ட அந்த ஆண்டிலேயே நைட்டும் ஒனிட்சுகாவும் பிரியத் தொடங்கிவிட்டார்கள். 1971இல் நைட் நைக்கி என்ற பெயரில் தன் சொந்தக் காலணியைக் கொண்டுவந்தார். வழக்கு நீதிமன்றம் போனது. கோர்டெஸ் என்ற பெயர் நைக்கிக்குப் போக, அதே காலணியை ஒனிட்சுகா கோர்சேர் என்று பெயர் மாற்றி விற்றார். இன்றைக்கும் இரண்டு பெயரிலும் அந்தக் காலணி கடையில் கிடைக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கூடப்பிறந்த பிள்ளைகள் என்று முகமே சொல்லும்.

1977இல் ஒனிட்சுகா கம்பெனி, ஜி.டி.ஓ., ஜெலென்க் என்ற இரண்டு கம்பெனிகளோடு இணைந்து ஏசிக்ஸ் ஆனது. காலணியோடு உடையும் சேர்ந்தது. ஹோரி சொன்ன நல்ல உடம்பு, நல்ல மனம் என்ற எண்ணத்தைச் சொல்லும் லத்தீன் தொடரில் ஐந்து சொற்கள். அவற்றின் முதலெழுத்துகள்தான் ஏசிக்ஸ். பிறகு ஆய்வுக்கூடம் வந்தது, அதிவேகக் கேமரா வந்தது, பாதம் தரையில் படும்போது எந்த இடத்தில் எவ்வளவு எடை இறங்குகிறது என்று அளக்கும் தகடுகள் வந்தன. வைக்கோல் செருப்பு என்று சொல்ல இன்று பயிற்சியாளர் வேண்டியதில்லை, கணினியே சொல்லிவிடும்.

1995 ஜனவரி 17 விடியற்காலையில் கோபே குலுங்கியது. 6,400 பேருக்கு மேல் செத்தார்கள். பூகம்பத்தோடு தீயும் பிடித்தது, மிக மோசமாக எரிந்த இடங்களில் ஒன்று நகாட்டா. அடிப்பாகம் வெட்டிய வீடும், மேல்பாகம் தைத்த வீடும், ஒட்டிய வீடும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் சேர்ந்தே எரிந்தன. ரப்பரும் பசையும் எவ்வளவு வேகமாக எரியும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பட்டறைகளில் பலவற்றை நடத்தியவர்கள் தலைமுறையாக அங்கே வாழ்ந்த கொரியர்கள். வியட்நாமிலிருந்து அகதியாக வந்தவர்களும் அங்கே வேலை செய்தார்கள். ஐம்பது ஆண்டுக்குள் இரண்டாம் முறையாகக் கோபே சாம்பலாகிக் கிடப்பதை ஒனிட்சுகா பார்த்தார். அப்போது அவருக்கு வயது 76.

2007 செப்டம்பரில் அவர் காலமானார். 2011இல் ஜப்பானின் வடகிழக்குக் கரையைப் பூகம்பமும் ஆழிப்பேரலையும் அழித்தபோது அவர் இல்லை. பேரலையில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு 19 வயது ஆகும்வரை விளையாட்டு உடையும் காலணியும் தருவது என்று கம்பெனி ஒரு திட்டம் தொடங்கியது. சன்னோமியா நிலையத்தில் திரிந்த அநாதைப் பிள்ளைகளைப் பார்த்து இந்தத் தொழிலுக்கு வந்தவர், இந்தத் திட்டத்தைத் தன்னுடையது என்று அடையாளம் கண்டிருப்பார் என்றே நம்புகிறேன்.

கோபே துறைமுகத்தில் கடலைத் தூர்த்து உண்டாக்கிய தீவொன்றில் ஏசிக்ஸின் தலைமையகமும், அதோடு ஒரு விளையாட்டு அருங்காட்சியகமும் இருக்கின்றன. பழைய காலணிகள் கண்ணாடிக்குள் இருக்கின்றன. ஒனிட்சுகாவின் பெயர் அங்கே எங்கும் உண்டு, அது நியாயம். எண்காலிக் கதையும் உண்டு. பள்ளிக்கூடத்து மரத்தரையில் முதல் காலணியைப் போட்டுக்கொண்டு பாய்ந்து வந்து, நின்று, கவிழ்ந்து விழுந்தார்களே, அந்தப் பையன்களில் உயிரோடு இருப்பவர்கள் இப்போது தொண்ணூறை ஒட்டிய கிழவர்கள். குழியின் ஆழத்தைக் குறைக்கச் சொன்னது அவர்களுடைய சிராய்த்த முழங்கால்.